வால்ட் பிக்கெல் போட்ட கோடு

எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு அர்லீன் பிக்கெல்தான் ஊர் காட்டுவார். செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் காலை பத்து மணிக்குத் தபால் ஆபீஸ் வாசலில் கூட்டம் சேர வேண்டும். பத்து என்றால் பத்து. பத்து ஒன்றுக்கு வந்தவர்கள் ஊரைத் தாங்களே சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். யாருக்காகவும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

கெஸ்லர் லேண்டிங்கில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகத் தபால் போட்டவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே தெருக்களில் வெறுங்கையோடு நடந்தார். ஒரு வாரம் இப்படி நடந்தார். ஜனங்கள் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்து "ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்கக் கேட்க அவருக்கு எரிச்சல் ஏறியது. இனிமேல் சும்மா நடப்பதில்லை, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடப்பது என்று முடிவெடுத்தார். எங்கள் ஊரில் சுற்றுலாத் துறை வளர்ந்த வரலாறு இவ்வளவுதான்.

தபால் போட்ட வரிசையிலேயே ஊரைக் காட்டுவார். நீராவிப் படகுக் கேப்டன் கட்டிய பழைய மாளிகைக்கு நேர் எதிரே நூற்றெழுபது வருடத்து தேவாலயம் இருக்கிறது. மாளிகை முடிந்ததும் தேவாலயத்துக்குப் போகலாம் என்று யாராவது காலை எடுத்து வைத்தால், "அது வலது பக்கம். திரும்பி வரும்போது" என்பார். இரண்டுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் உண்டு. அந்த முக்கால் மணி நேரத்தில் பல் டாக்டர் வீடும் வரும். அந்த வீட்டில் வரலாறு ஒரு குண்டுமணி அளவுகூடக் கிடையாது. ஆனாலும் நின்று, "இது பல் டாக்டர் வீடு. இங்க இருந்த நாய் என்னை ரெண்டு தடவை கடிச்சுது. இப்ப அது உயிரோட இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

ஒஹாயோ ஆற்றில் வரும் உல்லாசக் கப்பல் செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் துறையில் கட்டும். அதிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். இந்த வீட்டில் பேய் உண்டா? அந்த வீட்டில் பேய் உண்டா?

"இல்ல. இருந்திருந்தா அதுக்கும் நான்தான் தபால் போட்டிருப்பேன்."

நான் டுவேன் லுட்ஸ். ஆற்றோரத் தெருவில் எங்கள் ஹார்டுவேர் கடை. தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாக ஆணி விற்கிறோம். அர்லீன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஐந்து வயதில் ஆற்றில் விழுந்த என்னைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, அதன் பிறகு ஓர் அறையும் கொடுத்தவர். அதனால் எனக்கு அவர் அக்கா. இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பங்கு அல்ல.

அக்காவின் சுற்றுலா எங்கள் கடைச் சுவரில்தான் முடியும். எங்களுடையது மரக் கட்டடம். தெருவைப் பார்த்த சுவரில், தரையிலிருந்து பதினோரு அடி உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று உண்டு. அதன் மேல் '1937, ஜனவரி 27' என்று எழுதியிருக்கும். அக்கா ஐந்தடி இரண்டு அங்குலம். கோட்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டு கையை மேலே நீட்டுவார். கைக்கு மேலும் கோடு எங்கேயோ இருக்கும்.

"அண்ணாந்து பாருங்க. தண்ணி அங்க நின்னுச்சு. எங்கப்பா வால்ட் பிக்கெல், அப்போ பத்தொம்பது வயசு. தட்டைப் படகுல மண்டி போட்டுக்கிட்டு, ஒரு கையால இந்தச் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு, மறு கையால அந்தக் கோட்டைப் போட்டாரு."

கப்பல்காரர்கள் "ஓ" என்பார்கள். ஆற்றைத் திரும்பிப் பார்ப்பார்கள். அது ஒன்றும் தெரியாததுபோல் கீழே போய்க்கொண்டிருக்கும்.

ஆற்றோரம் இருந்த மற்ற கட்டடங்களை எல்லாம் அந்த வெள்ளமே கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது எங்கள் கடை, அதையும் தாத்தா சங்கிலி போட்டு இரண்டு அத்தி மரத்தில் கட்டி வைத்ததால். எனவே எங்கள் ஊரில் வெள்ளத்துக்குச் சாட்சி இந்த ஒரே கோடுதான். வருடா வருடம் ஜனவரி 27 அன்று ஊரே அதன் கீழே கூடும். கெளுத்தி மீன் வறுவலும் பெர்சிமன் பழப் புட்டிங்கும் சாப்பிடும். 'பதினோரு அடி' என்று அச்சடித்த பனியனைக் குளிர்கோட்டுக்கு மேலேயே போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கும். பெருமைப்பட எங்களுக்கு வேறு அதிகம் இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்ட்லோ என்று ஓர் ஊர். அங்கேயும் ஒரு கோடு உண்டு, பழைய மாவு மில்லின் கற்சுவரில். பார்ட்லோக்காரர்கள் நடு ஆற்றில் படகை நிறுத்தி இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்களுடையது அநியாயத்துக்கு உயரம் என்பார்கள். ஆற்றில் தண்ணீர் இந்தக் கரையில் ஒரு மட்டம், அந்தக் கரையில் ஒரு மட்டம் என்று நிற்காது என்பது அவர்கள் வாதம். பொறாமை என்பது எங்கள் பதில். எழுபது வருடமாக இந்த அளவிலேயே விவாதம் நடந்து வந்தது.

வால்ட் பிக்கெலின் பெயரும் இதில் கொஞ்சமும் உதவவில்லை. அவர் இழுவைப் படகுகளில் வேலை செய்தவர். கதவளவு கெளுத்தி பிடித்ததாகச் சொல்வார். எந்தக் கதவு என்று கேட்டால் தேவாலயத்துக் கதவைக் காட்டுவார். ஆகவே கோட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் பார்ட்லோவில், "போட்டது யாரு? பொய்யன் வால்ட்தானே?" என்று முடித்துவிடுவார்கள். எங்கள் ஊரிலும் சிலர் மனதுக்குள் அப்படித்தான் முடித்திருந்தார்கள், பனியனைப் போட்டுக்கொண்டே.

மேயரம்மா ஃபே ஹோல்ட்கிரேவ், வரலாற்று இடங்களில் மாநில அரசு வைக்கும் வார்ப்பிரும்புப் பலகைக்கு மனுப் போட்டதில்தான் வம்பு தொடங்கியது. ஆற்றின் இந்தப் பகுதியில் மிக உயர்ந்த வெள்ளக் கோடு என்று எழுதி, எங்கள் கடை முன்னால் கம்பம் நட்டு மாட்ட வேண்டும். தலைநகரத்திலிருந்து பதில் வந்தது: மகிழ்ச்சி, அளந்து அனுப்புங்கள்.

எங்கள் பக்கம் அளப்பதற்கு ஆள் தேடுவதற்குள் செய்தி ஆற்றைத் தாண்டிவிட்டது. மே மாதம் முதல் சனிக்கிழமை, பத்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது, தபால் ஆபீஸ் வாசலுக்கு வெண்டல் பென்ராட் வந்து சேர்ந்தார். பார்ட்லோக்காரர், ஓய்வுபெற்ற சர்வேயர். தோளில் முக்காலி, கையில் மட்டம் பார்க்கும் கருவி, கக்கத்தில் நீட்டி மடக்கும் அளவுகோல். அன்று நானும் அங்கே தபால்தலை வாங்க நின்றிருந்தேன்.

"என்னடா வெண்டல், கல்யாணத்துக்குப் போட்டோ புடிக்கவா?" என்றார் அக்கா.

"ஊர் பாக்க வந்தேன் அர்லீன். பாக்கக் கூடாதா?"

"பாக்கலாம். முக்காலிக்கு டிக்கெட் கிடையாது, பின்னாடி வா."

அவர் பின்னாடியே வந்தார். கேப்டன் மாளிகையிலும் வந்தார், பல் டாக்டர் வீட்டிலும் வந்தார். திரும்பும் இடங்களில் முக்காலி யாரையாவது இடித்தது. நாய் செத்த தகவலைக் கேட்டு, "அனுதாபங்கள்" என்றார். நீதிமன்றப் படியில் அரசாங்கம் பதித்து வைத்த பித்தளைப் பொட்டு ஒன்று உண்டு; கடல் மட்டத்திலிருந்து அது எவ்வளவு உயரம் என்று புத்தகத்திலேயே இருக்கும். அதிலிருந்து தொடங்கி எங்கள் கடைத் தெரு முனை வரைக்கும் விடியற்காலையிலேயே அளந்து முடித்துவிட்டாராம். இனி ஒரே ஒரு பார்வைதான் பாக்கி.

கடைச் சுவருக்கு வந்ததும் அக்கா கையை நீட்டி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெண்டல் முக்காலியை விரித்தார். கூட்டத்தில் இருந்த ஒரு நெட்டையரிடம் அளவுகோலைக் கொடுத்துக் கோடு வரைக்கும் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நோட்டில் எழுதினார். மறுபடியும் பார்த்தார்.

"எங்க மில் கோட்டைவிட உங்க கோடு நாலடி உசரம் அர்லீன்," என்றார். "தண்ணி உங்க பக்கம் மட்டும் நாலடி எம்பிப் பாத்துதா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. மழையோ வெயிலோ ஒரே முகத்தோடு தபால் போட்டவர்.

"சுற்றுலா இதோட முடிஞ்சுது. படகுத்துறைக்கு வலது பக்கம் போகணும்," என்றார்.

எல்லாரும் போன பிறகு கடைக்குள் வந்தார். ஆணிப் பீப்பாய் மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

"வெண்டல் கிடக்கறான் விடு அக்கா," என்றேன். "பார்ட்லோக்காரன் கருவி, பார்ட்லோக்காரன் கணக்கு."

"அவன் கணக்கு சரிடா. எனக்கு ஐம்பத்தாறு வருஷமாத் தெரியும்."

நான் கையில் வைத்திருந்த பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"1958ல எனக்கு பதினஞ்சு வயசு. வெள்ளிக்கிழமைன்னா படகுல ஏறி பார்ட்லோவுக்கு ஸ்கேட்டிங் ஆடப் போவோம். இதே வெண்டல்தான், எல்லார் முன்னாடியும், உங்கப்பன் தண்ணியைச் சாய்ச்சு வச்சானான்னு கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜைல அம்மா, மாமா, பாதிரியார் எல்லாரும் இருந்தாங்க. அவங்க முன்னாடி, நீங்க பொய் சொல்றீங்கப்பா, தண்ணி அப்படி நிக்காது, பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்னு சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'தண்ணி எங்க இருந்துச்சோ அங்கதாம்மா போட்டேன்'னாரு. அவ்வளவுதான். உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் வீட்டுல கோட்டைப் பத்திப் பேசினதே இல்ல. வருஷா வருஷம் ஜனவரில ஏணியைத் தோள்ல வச்சுக்கிட்டுத் தனியாப் போய்ப் பெயிண்ட் அடிச்சுட்டு வருவாரு. ஒரு தடவைகூட நான் போய் ஏணியைப் புடிச்சதில்ல."

"அப்போ பன்னெண்டு வருஷமா ஊர் சுத்திக் காட்டறப்போ ஊர்க்காரங்களுக்கும் கப்பல்காரங்களுக்கும் சொன்னது?"

"பெத்த அப்பனை ஊரான் முன்னாடி காட்டிக்குடுக்க முடியுமாடா? ஒரு தடவை செஞ்சது போதாதா?"

நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவரும் குடித்தார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு வெண்டல் வந்தார். முகம் சரியில்லை. ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது.

"எனக்கு ஒண்ணு புரியல," என்றார். "பொய் சொல்றவன் ஒரு சாணோ ஒரு முழமோ ஏத்திப் போடுவான். இது சரியா நாலடி. ஒரு அங்குலம் கூடக் கூடுதல் குறைச்சல் இல்ல. நாப்பது வருஷம் அளந்திருக்கேன். பொய்க்கு இவ்வளவு துல்லியம் வராது."

"வந்ததுதான் வந்தே, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ," என்றார் அக்கா.

வெண்டல் குடித்தார்.  எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு; கடையில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால் எங்கள் குடும்பப் பெருமையை எடுத்து விடுவேன். நுணலும் தன் வாயால் கெடும்.

"இந்தக் கட்டடத்தை லேசா நினைக்காதீங்க," என்று தொடங்கினேன். "வெள்ளம் வடிஞ்ச ரெண்டாம் வருஷம், இன்னொரு தடவை என் ஆணி நனையக் கூடாதுன்னு எங்க தாத்தா கடையவே ஜாக்கி வச்சுத் தூக்கினாரு. முப்பத்திரெண்டு ஜாக்கி. எங்கப்பா விசில் ஊதுவாரு, முப்பத்திரெண்டு பேரும் ஒரே நேரத்துல கால் சுத்து சுத்துவாங்க. மூணு நாள். கடையை ஒரு மணி நேரம்கூட மூடல. காலைல தரையோட தரையா வந்து வாங்கினவன் சாயங்காலம் நாற்காலி போட்டு ஏறி வந்தான். ஒரு ஆணி டப்பா விழல, ஒரு கண்ணாடி உடையல, சுவத்துல இருந்த ஒரு…"

நான் நிறுத்தினேன்.

இந்தக் கதையை நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். எங்கப்பா அதைவிட அதிகமாகச் சொல்லியிருப்பார். நன்றி நவிலல் நாளில் வான்கோழியை வெட்டும் முன் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதே கடைக்கு வெளியே, அதே சுவரைக் காட்டி, வெள்ளக் கதையும் வருடா வருடம் நடந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே ஒரு கதை, வெளியே ஒரு கதை. எழுபத்தைந்து வருடத்தில் ஊரில் ஒரு மனிதன்கூட இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்கவில்லை. நானும்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்களே, நாங்கள் நெய்யே கிடையாது என்று சண்டையும் போட்டிருக்கிறோம்.

"எவ்வளவு தூக்கினாங்க?" என்றார் வெண்டல், மெதுவாக.

"அது எனக்குத் தெரியாது. வாசல்ல ஆறு படி இருக்கு."

வெண்டல் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தார். "படிக்கு எட்டு அங்குலம்," என்றார்.

ஆறெட்டு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு அங்குலம் நாலடி. வெண்டல் கடைக்குள் தெருப்பக்கச் சுவரை ஒட்டி இருந்த பெயிண்ட் அலமாரியை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினோம். பழைய பலகையில், உள்தரையிலிருந்து ஏழடி உயரத்தில், பழுப்பாகச் சேற்றுக் கறை ஒன்று நீளமாக ஓடியது. வெளியே இருக்கும் கோட்டுக்கு நேர் பின்னால். வால்ட் பிக்கெல் தண்ணீர் நின்ற இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறார். கோட்டைத் தூக்கியது எங்கள் குடும்பம்.

"உங்கப்பாவுக்கு இது தெரியாதா அக்கா?"

"தூக்கினப்போ அவரு ஊர்லயே இல்ல. முப்பத்தெட்டுல படகுல ஏறினவரு, கீழே மிசிசிப்பில திரிஞ்சுட்டு நாப்பத்திரெண்டுலதான் வந்தாரு." அக்கா கறையைத் தொட்டுப் பார்த்தார். "வந்தவர்கிட்ட யாரு சொல்லப் போறா? உங்க வீட்டுல வான்கோழி சாப்பிட அவரைக் கூப்பிட்டதில்லையே."

அது உண்மை. கூப்பிட்டதில்லை. படகுக்காரர்களை எங்கள் தாத்தா படிக்கு மேல் ஏற்றமாட்டார், கணக்கு வைத்துச் சாமான் கொடுக்கவும் மாட்டார். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஊரில் எதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மறைக்க முடியாது. மேயரம்மா வந்துவிட்டார். நாங்கள் மூவரும் மாறி மாறிச் சொன்னதைக் கேட்டார். கறையைப் பார்த்தார். அலமாரியை ஒரு பக்கமாகப் பிடித்து, இருந்த இடத்துக்கே தள்ள முயன்றார். பெயிண்ட் நிறைந்த அலமாரி, நகரவில்லை.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார். "கோடு பதினோரு அடில இருக்கு. கண்ணால பாக்கறோம். கோடு பதினோரு அடில இருக்குன்னு பலகை வச்சா அது பொய்யா?"

"ஏழடின்னா பார்ட்லோவும் நாமளும் ஒண்ணுதான்," என்றார் வெண்டல்.

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணுன்னா எதுக்குய்யா பலகை?" மேயரம்மா அக்கா பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "இதைக் கேளுங்க அர்லீன். பலகையில ஒரு வரி சேர்க்கறேன். 'இக்கோட்டை வரைந்தவர் வால்ட்டர் பிக்கெல்'. இரும்புல, எழுத்து எழுத்தா. இருநூறு வருஷம் நிக்கும். பொய்யன்னு சொன்ன வாயெல்லாம் அதைப் படிச்சிட்டுப் போகட்டும். இதைவிட ஒரு மகள் என்ன செய்ய முடியும்?"

அக்கா வெண்டலைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காத," என்றார் வெண்டல். "நான் ரிட்டயர் ஆனவன், என் கையெழுத்து இனிமே செல்லாது. ஆனா நீ வேணும்னு சொன்னா வாயைத் திறக்கமாட்டேன். அந்த அளவுக்கு உனக்கு நான் கடன்பட்டிருக்கேன்."

"செவ்வாய்க்கிழமை சொல்றேன்," என்று எழுந்தார் அக்கா. பீப்பாயில் உட்கார்ந்ததால் பாவாடையில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்.

ஞாயிறும் திங்களும் அவர் வெளியே வரவில்லை. திங்களன்று நான் போய்க் கதவைத் தட்டினேன். ஜன்னல் வழியாக, "தபால்காரன் தவிர யாரும் வரவேண்டாம்" என்று சொன்னார். நான் கொண்டுபோன பையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மேயரம்மா இதற்கிடையில் பலகைக்கு வாசகம் எழுதி, வால்ட்டர் என்ற பெயருக்கு எத்தனை எழுத்து என்று எண்ணி வைத்துவிட்டார். எண்ணியதை எனக்குக் காட்டவும் செய்தார்.

செவ்வாய்க்கிழமை கப்பல் வந்தது. இருபத்திரண்டு பேர். வானம் மூடிக் கிடந்தது, ஆளுக்கொரு மழைக்கோட்டு. நான் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே நடந்தேன். மேயரம்மாவும் நடந்தார், சும்மா அந்தப் பக்கம் வந்தவர்போல. வெண்டல் கடைசியில், இந்த முறை முக்காலி இல்லாமல். அக்கா மாளிகையைக் காட்டினார், பல் டாக்டர் வீட்டைக் காட்டினார், வலது பக்கம் திரும்பி தேவாலயத்தைக் காட்டினார். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. 

கடைச் சுவருக்கு வந்தோம். அக்கா கோட்டுக்குக் கீழே நின்றார். கையை மேலே நீட்டவில்லை. தோள் பையிலிருந்து சாக்குக்கட்டி ஒன்றை எடுத்தார். எங்கள் கடை வாசலில் குப்புறக் கிடந்த பால் பெட்டி மேல் ஏறினார். வெண்டலைப் பார்த்து, "எங்கடா?" என்றார்.

வெண்டல் டேப்பைத் தரையில் மிதித்து மேலே நீட்டினார். ஏழாவது அடியில் அக்கா சுவரில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். மேயரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"தண்ணி இங்க நின்னுச்சு," என்றார் அக்கா, பெட்டியிலிருந்து இறங்கி. "மேல இருக்கற கோடு எங்கப்பா போட்டது. போட்டப்போ அது இங்கதான் இருந்துச்சு. அப்புறம் இவங்க தாத்தா கட்டடத்தைத் தூக்கினாரு, கோடும் கூடவே போச்சு. நாங்க யாரும் அதை யோசிக்கல. அதனால எழுபத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல வெள்ளம் நாலடி அதிகம். இன்னையோட அது முடிஞ்சுது. நாங்களும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களும் ஒரே தண்ணிலதான் நனைஞ்சோம். எங்கப்பா பத்தொம்பது வயசுல, உறையற குளிர்ல, ஆடற படகுல மண்டி போட்டுக்கிட்டு ஒரு அங்குலம்கூடத் தப்பாம கோடு போட்டாரு. ஊரெல்லாம் அவரைப் பொய்யன்னு சொல்லுச்சு. அவரு பொய் சொல்லல."

அக்கா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கப்பல்காரர்கள் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினார். பள்ளிக்கூட டீச்சராக இருந்திருப்பார்போல.

"முதல்ல அவரைப் பொய்யர்னு சொன்னது யாருங்க?"

வெண்டல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார். வாயைத் திறந்தார். அக்கா கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

"நான்தாம்மா," என்றார். "அவரோட பொண்ணு. மத்தவங்க சொன்னதை அவரு காதுலயே போட்டுக்கிட்டதில்ல. நான் சொன்னப்போ எனக்குப் பதினஞ்சு வயசு. சாகறதுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில என்னைப் பக்கத்துல கூப்பிட்டாரு. 'படகு ரொம்ப ஆடுச்சு அர்லீன். யோசிச்சுப் பாத்தேன், நீ சொன்னதுதான் சரியா இருக்கும். நான்தான் தப்பாப் போட்டுட்டேன்'னாரு. நான் அவரு கையைப் புடிச்சுக்கிட்டு, 'பரவால்லப்பா, விடுங்க'ன்னு சொன்னேன். பெரிய மனசோட மன்னிச்சு விடற மாதிரி."

மழை தூற ஆரம்பித்தது. அக்கா சாக்குக்கட்டியைப் பைக்குள் போட்டார். வேறு ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை.